குடிக்கூலி வீடும் வாயில்லா ஜீவனும்

'பூனை, நாய் எதுவும் வளர்க்கக் கூடாது' என்று வீட்டுக்காரர் விதித்த நிபந்தனையை ஒப்புக்கொண்டு வாடகை வீட்டில் குடியேறிய ஒரு முஸ்லிம் குடும்பம், நொந்துபோன மனத்துக்கு ஆறுதலாக ஒரு பூனையை வளர்க்கலாமா? வளர்த்துவிட்டால், வீட்டுக்காரருக்கு அஞ்சி அதைக் கொண்டுபோய் எங்காவது விட்டுவிடலாமா? கேட்பதற்குச் சிறிய கேள்விதான். சென்ற ஆண்டு கொல்லிமலையில் அது நம் முன் வைக்கப்பட்டபோது, உடனே விடை சொல்ல நமக்கு நா எழவில்லை. அதைப் பற்றிச் சிந்தித்ததை வாசக நேயர்களுக்கு எடுத்து வைக்கிறோம்.

நாமக்கல் மாவட்டத்தில் காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே ஏறினால் கொல்லிமலை. காப்பியும் மிளகும், பலாவும் அன்னாசியும், சாமையும் தினையும் விளையும் மண். அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்பவர்கள் 'மலையாளி' என வழங்கப்பெறும் பழங்குடி மக்கள். அரசுப் பணியின் பொருட்டும் வாணிபத்தின் பொருட்டும் சமவெளியிலிருந்து சென்று குடியிருப்போரும் உண்டு. நண்பர் ஒருவரின் அழைப்பின் பேரில் செம்மேட்டில் மூன்று நாட்கள் தங்கியிருந்தபோது, அப்படிப் பணி மாற்றலாகி வந்திருந்த ஓர் இளைஞர் இஷாவுக்குப் பின் நம்மைத் தனியே சந்தித்தார்.

அவருடைய துணைவியாருக்குத் தலைப்பிள்ளை பிறந்து, மூன்றாம் நாளே அல்லாஹ் அதைத் தன்னளவில் எடுத்துக்கொண்டான். அதன்பின் அந்தப் பெண்மணி பேச்சைக் குறைத்துவிட்டார். தொழுவார், சமைப்பார், மீதிப் பொழுதெல்லாம் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். வைத்தியரிடம் காட்டி மருந்தும் கொடுத்துப் பார்த்தாயிற்று. ஒரு மழை இரவில் அடுப்படி ஜன்னல் வழியாக ஒரு பூனைக்குட்டி நனைந்துகொண்டு உள்ளே வந்திருக்கிறது. அவர் அதற்குப் பால் ஊற்றினார். மறுநாள் அதனோடு பேசினார். சில வாரங்களில் கணவரோடும் பேசத் தொடங்கினார்.

வீட்டுக்காரர் அந்த மலையைச் சேர்ந்த விவசாயி. வாசலிலுள்ள களத்தில்தான் காப்பிப் பழத்தையும் மிளகையும் காயப்போடுவார். முன்பு குடியிருந்தவரின் பூனை காயவைத்த மிளகில் அசுத்தம் செய்துவிட, வியாபாரி சரக்கையே திருப்பிவிட்டாராம். அதனால்தான் அந்த நிபந்தனை. ஐந்து மாதம் பூனையை வீட்டுக்குள்ளேயே மறைத்து வளர்த்தார்கள். ஒருநாள் வீட்டுக்காரர் நேரிலேயே கேட்டுவிட்டார்: "சார், உள்ளே பூனை ஏதும் இருக்குதா?" இவர், "இல்லைங்க" என்று சொல்லிவிட்டார். அன்றிரவு, பூனையைச் சாக்கில் கட்டி அடிவாரத்தில் விட்டுவிடப்போவதாகத் துணைவியாரிடம் சொன்னபோது, அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அதுவும் போயிடுமா?"

"அஜ்ரத், ஒரு பூனைக்காக வீட்டை விடச் சொல்றீங்களா, இல்லை பூனையை விடச் சொல்றீங்களா?" என்றார் அந்த இளைஞர்.

நாம் தயங்கியதற்கு ஒரு காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் நாம் இமாமத் செய்துகொண்டிருந்த ஊரில், மனைவியை இழந்த ஒரு முதியவர் ஒரு பூனையை வளர்த்து வந்தார். அவருடைய மகன் வாடகை வீடு மாறினார். புதிய வீட்டில் பூனை கூடாது என்றார்கள். நம்மிடம் கேட்டபோது, கையிலிருந்த கிதாபிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தாமல், "பூனைதானே! மீன் மார்க்கெட் பக்கம் விட்டுவிடுங்கள், ரிஸ்க் அளிப்பவன் அல்லாஹ்" என்று சொல்லிவிட்டோம். அவர்களும் விட்டுவிட்டார்கள். அந்தப் பெரியவர் அதன்பின் ஒவ்வொரு நாளும் அஸர் தொழுதுவிட்டு அந்த மார்க்கெட் பக்கம் நடந்து போவார். எதையோ வாங்கப் போகிறார் என்று எண்ணியிருந்தோம். அவர் மவுத்தான பின்புதான், எதைத் தேடிப் போனார் என்பதை மகன் சொன்னார். நாம் சொன்ன அந்த ஒரு வரிக்கு மறுமையில் விசாரணை உண்டு என்ற அச்சம் நமக்கு இன்றும் உண்டு.

அபூ உமைரின் குருவி

'ஒரு பிராணி செத்ததற்கும் பிரிந்ததற்கும் ஒரு முஸ்லிம் கலங்கலாமா? இதெல்லாம் பணக்காரர்களின் செல்லம்' என்று சொல்வோர் உண்டு. அவர்கள் அபூ உமைரை நினைத்துப் பார்க்கட்டும். அனஸ் (ரலி) அவர்களின் தாயார் உம்மு சுலைம் (ரலி) அவர்களுக்கும் அபூ தல்ஹா (ரலி) அவர்களுக்கும் பிறந்த சின்னஞ்சிறு பாலகர் அவர். ஒரு சிறு குருவியை வைத்து விளையாடி வந்தார். அது செத்துவிட்டது. வீட்டுக்கு வருகை தந்த நாயகம் (ஸல்) அவர்கள் பிள்ளையின் வாட்டத்தைக் கண்டு காரணம் விசாரித்தார்கள். பின்பு அந்தப் பிள்ளையைப் பெரியவர்களைப்போல் 'அபூ உமைர்' என்றே அழைத்து, குருவி என்னவாயிற்று என்று அன்போடு கேட்டார்கள் (புகாரீ, முஸ்லிம்).

ஒரு காலத்தில் சிலர், பயனற்ற செய்திகளையெல்லாம் அறிவிக்கிறார்கள் என்று ஹதீதுக்கலை வல்லுநர்களைக் குறை கூறி, அதற்குச் சான்றாக இந்த ஹதீதையே காட்டினார்கள். ஹிஜ்ரீ 335இல் மறைந்த ஷாபிஈ மத்ஹபின் மேதை இப்னுல் காஸ் (ரஹ்) அவர்கள் அதற்கு மறுப்பாக ஒரு தனிநூல் எழுதி, இந்த ஒரு ஹதீதிலிருந்து அறுபதுக்கு மேற்பட்ட பயன்களை எடுத்துக் காட்டினார்கள். உலகத்துக்கே ரஹ்மத்தாக வந்த ரசூல் (ஸல்) அவர்கள், ஒரு குழந்தையின் குருவித் துக்கத்துக்காக நின்று விசாரித்தார்கள் என்றால், பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய் பூனைக்குட்டியிடம் ஆறுதல் தேடுவதை 'பைத்தியக்காரத்தனம்' என்று சொல்ல நமக்கு ஏது உரிமை?

பூனையைப் பற்றி மார்க்கத்தில் தடையும் இல்லை. தாம் ஒளுச் செய்ய வைத்திருந்த தண்ணீரைப் பூனை குடிப்பதற்காக அபூ கதாதா (ரலி) அவர்கள் பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுத்தார்கள். வியந்து பார்த்த மருமகளிடம், பூனை நஜீஸல்ல, அது உங்களைச் சுற்றிச் சுற்றி வரும் இனம் என்று நாயகம் (ஸல்) அவர்கள் நவின்ற கருத்தை எடுத்துரைத்தார்கள்.

இன்று மேலைநாட்டு மருத்துவர்கள் பேசுவதும் இதற்கு மிகத் தூரமில்லை. அமெரிக்காவில் போரிஸ் லெவின்சன் என்ற குழந்தை மனநல நிபுணர், யாரோடும் ஒட்டாத ஒரு சிறுவன் தம்முடைய நாயோடு ஒட்டிப் பழகியதைக் கண்டு 1962இல் கட்டுரை எழுதினார். 1969இல் அதை நூலாகவே விரித்தார். மன நோயாளிகளுக்குத் துணையாக இருக்கும் பிராணிகள் என்று இன்று சொல்லப்படும் ஏற்பாட்டுக்கு அவர் போன்றோரின் ஆராய்ச்சியே வழி திறந்தது.

வாக்கு என்னும் அமானிதம்

ஆறுதல் ஆகுமானது என்பதால், அதை எந்த வழியிலும் பெறலாம் என்று ஆகிவிடாது. ஒப்பந்தங்களை நிறைவேற்றும்படி ஸூரத்துல் மாயிதா ஈமான் கொண்டோரை அழைத்தே தொடங்குகிறது. நயவஞ்சகனின் அடையாளங்களாக நாயகம் (ஸல்) அவர்கள் எண்ணிக் காட்டியவை மூன்று: பேச்சில் பொய், வாக்கில் மாறுதல், அமானிதத்தில் மோசடி. கொல்லிமலை இளைஞர் ஒரு பூனையை மறைக்கப்போய், தாம் அறியாமலேயே மூன்றையும் தொட்டுவிட்டார். நிபந்தனையை மீறினார், கேட்டபோது பொய் சொன்னார், நம்பி விட்ட வீட்டில் மறைவாக நடந்துகொண்டார். வீட்டுக்காரர் மாற்று மதத்தவர் என்பதால் இதன் கனம் குறையவில்லை, கூடுகிறது. நம்மைக் கொண்டுதான் அவர் இஸ்லாத்தை அறிகிறார்.

நாம் மதரஸாவில் ஓதிய நாட்களில் குதூரீ கிதாபின் வாடகைப் பாடத்தில் ஒரு மஸ்அலா வரும். குடியிருப்பதற்காக ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்தவர், அதில் என்ன செய்யப்போகிறார் என்று சொல்லாவிட்டாலும் வாடகை செல்லும். ஆனால் கொல்லன் பட்டறை, வண்ணான் துறை, மாவு அரைக்கும் திரிகை ஆகியவற்றை மட்டும் வீட்டுக்காரரின் சம்மதமின்றி வைக்கக் கூடாது. அவற்றால் கட்டடம் பழுதாகும் என்பதே காரணம். ஓதும்போது இதைப் பழங்கால விஷயம் என்று கடந்துவிட்டோம். கொல்லிமலையில் அந்த மிளகுக் களத்தைப் பார்த்தபோதுதான் அதன் நுட்பம் விளங்கிற்று. குடியிருப்பவரின் வாழ்க்கைக்கு வீடு திறந்தே இருக்கிறது. சொத்துக்குச் சேதம் தொடங்கும் இடத்தில் சொந்தக்காரரின் சொல் நிற்கிறது. ஆண்டு முழுவதும் உழைத்த மிளகு பாழாவதும் ஒருவகைச் சேதமே.

சாக்கில் கட்டிய பூனை

அந்த இளைஞர் ஓரளவு ஓதியவர். ஆகவே நம்மிடம் ஒரு வாதத்தையும் வைத்தார். ஒரு பூனையைக் கட்டி வைத்துப் பட்டினி போட்டுச் சாகடித்த பெண் நரகம் புகுந்தாள் என்ற ஹதீதில், அவள் தீனியும் போடவில்லை, பூமியிலுள்ள சிறு பிராணிகளைத் தின்ன விடவும் இல்லை என்றுதானே வருகிறது? அப்படியானால் அவிழ்த்து விட்டுவிட்டால் பொறுப்பு நீங்கிவிடும் அல்லவா?

ஹதீதின் வெளித்தோற்றம் அவர் சொன்னதுதான். ஆனால் விடுவது என்றால், விடப்பட்ட ஜீவன் தானே தேடித் தின்று பிழைக்க வேண்டும். கண் திறந்த நாள் முதல் நான்கு சுவர்களுக்குள் பால் குடித்து வளர்ந்த பூனை, எலியை எங்கே கண்டது? அதை மலையடிவாரத்தில் கொண்டுபோய்ப் போடுவது, கயிறில்லாமல் கட்டிப் போடுவதே ஆகும். மீன் மார்க்கெட் விஷயத்தில் நாம் செய்த தவறும் இதுவே. தான் வைத்திருக்கும் பிராணிக்குத் தீனியளிப்பது கடமை என்று பிக்ஹு நூல்கள் கூறுகின்றன. ஹிஜ்ரீ 660இல் மறைந்த இமாம் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம் (ரஹ்) அவர்கள், மனிதன் மீது பிராணிகளுக்குள்ள உரிமைகளை எண்ணிச் சொல்லும்போது, கிழடாகியோ நோயுற்றோ பயன்படாமல் போனாலும் அதற்குச் செலவு செய்தே ஆக வேண்டும் என்று எழுதுகிறார்கள். ஆறுதலுக்காக ஒரு ஜீவனை எடுத்து, அசௌகரியம் வந்ததும் எறிவது அந்த உரிமையைப் பறிப்பதாகும்.

நாயின் விஷயம்

பூனைக்கு இவ்வளவு என்றால் நாய்க்கு என்ன என்று வாசகர் கேட்பார்கள். நாய் விஷயத்தில் மார்க்கம் எல்லை வகுத்திருக்கிறது. வேட்டை, கால்நடைக் காவல், பயிர்க் காவல் ஆகிய தேவைகளின்றி நாய் வளர்ப்போரின் நற்கூலி நாள்தோறும் குறையும் என்றும், நாயுள்ள வீட்டில் ரஹ்மத்தின் மலக்குகள் நுழைவதில்லை என்றும் ஸஹீஹான ஹதீதுகள் உண்டு. அது வாய் வைத்த பாத்திரத்தை ஷாபிஈ மத்ஹபில் ஒரு தடவை மண் கலந்து ஏழு முறை கழுவ வேண்டும். ஹனபீ மத்ஹபில் மூன்று முறை போதும். கொல்லிமலையில் காட்டுப்பன்றியிடமிருந்து மரவள்ளிக் கிழங்கைக் காக்க நாய் வைத்திருப்பவர், ஹதீதே அனுமதித்த பயிர்க் காவலைத்தான் செய்கிறார். வீட்டுக் காவலையும் இதனோடு ஒப்பிட்டு ஆகும் என்பதே சரியான கருத்து என்கிறார்கள் இமாம் நவவீ (ரஹ்) அவர்கள்.

ஆக, அளவுகோல் தேவை. 2008இல் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில், கண்பார்வையற்ற ஒரு முஸ்லிம் மாணவரை வழிநடத்தும் நாய், அவர் தொழுது முடியும்வரை பள்ளிவாசலின் நுழைவாயிலருகே தனியிடத்தில் இருப்பதற்கு உலமாக்கள் அனுமதி வழங்கினார்கள். மன நோய்க்கு ஆறுதல் என்பது அத்தகைய தேவை ஆகுமா என்றால், பொதுவாக ஒரு பத்வா தர நாம் துணியமாட்டோம். பூனையும் பறவையும் இருக்க நாயைத்தான் நாடுவேன் என்பது தேவையாகாது. நம்பத்தகுந்த வைத்தியர் வேறு வழியில்லை என்று சொன்னால், மூத்த ஆலிம்களிடம் அந்த நபரின் நிலையைச் சொல்லி விடை பெற வேண்டும். இவ்வளவுக்கும் நடுவில், தாகித்த நாய்க்குக் கிணற்றிலிறங்கிக் காலுறையில் தண்ணீர் மொண்டு கொடுத்தவர் மன்னிக்கப்பட்டார் என்ற ஹதீதை மறக்கலாகாது. வளர்ப்பதற்குத்தான் எல்லை, இரக்கத்துக்கு இல்லை.

சட்டமும் மனச்சாட்சியும்

நம் நாட்டில் 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ், ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையாரின் முயற்சியால் 1962இல் பிராணிகள் நல வாரியம் ஏற்பட்டது. குடியிருப்போர் சங்கங்கள், பெரும்பான்மை வாக்கு இருந்தாலும், வளர்ப்பு நாய்களுக்குத் தடை விதிக்க முடியாது என்று அவ்வாரியம் 2015இல் அறிவுறுத்தியது. அடுக்குமாடிச் சங்கங்களின் இத்தகைய தடை செல்லாது என்று கேரள உயர் நீதிமன்றமும் 2021இல் தீர்ப்பளித்தது. நியாயமான ஒழுங்குமுறைகளை விதிக்க மட்டும் இடமளித்தது. ஆனால் சங்கத்தின் தடை வேறு, ஒரு தனி மனிதர் தம் வீட்டை நமக்கு விடும்போது பேசிக்கொள்ளும் வாக்கு வேறு. தமிழ்நாட்டில் 2019இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், ஒப்பந்தத்தை எழுத்தில் வைத்துப் பதிவு செய்யச் சொல்கிறது. கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளுமாறு ஸூரத்துல் பகரா கற்றுத் தந்ததை அறிந்த சமுதாயத்துக்கு இது புதிதன்று.

ஒரு தடை சட்டப்படி செல்லாது என்றால், உரிமையைக் கேட்டுப் பெறுவது பாவமாகாது. ஆனால் கேட்டுப் பெற வேண்டும். 'என் வாக்கைக் காக்க என்னால் முடியவில்லை, இதுதான் காரணம்' என்று முகத்துக்கு நேரே சொல்வது ஒன்று. தலையாட்டிவிட்டு முதுகுக்குப் பின்னால் மீறுவது மற்றொன்று.

அமெரிக்காவில் 1988இல் திருத்தப்பட்ட வீட்டுவசதிச் சட்டத்தை அடியொற்றி, மன நோயாளிகள் துணைப்பிராணியை வைத்துக்கொள்ள வீட்டுக்காரரிடம் சலுகை கோரும் வழக்கம் ஏற்பட்டது. நல்ல நோக்கந்தான். ஆனால் நோயே இல்லாதவர்கள் காசு கொடுத்துச் சான்றுக் கடிதம் வாங்கத் தொடங்கினார்கள். விமானங்களில் தொல்லை பெருகவே, 2020 டிசம்பரில் அந்நாட்டுப் போக்குவரத்துத் துறை விதியை மாற்றியது. மன ஆறுதலுக்கான பிராணிகளைப் பணிப்பிராணிகளாக ஏற்க வேண்டிய கட்டாயம் விமான நிறுவனங்களுக்கு நீங்கியது. பொய்ச் சாட்சி பெரும் பாவங்களில் ஒன்று என்பதை நாம் அறிவோம். அதன் கேடு எங்கே போய் விழுகிறது என்று பாருங்கள்: மெய்யாகவே நோயுற்றவரின் கடிதத்தையும் யாரும் நம்பாமல் போகிறார்கள்.

வீடு உடையோருக்கு

நம் இல்லங்களில் வீடு வாடகைக்கு விடுவோரும் பலர். அவர்களிடமும் ஒரு வார்த்தை. நம் பெயரைக் கேட்டதும், 'வீடு கொடுத்தாயிற்று' என்று கதவடைக்கப்பட்ட அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. காரணமின்றி அடைக்கப்படும் கதவு எப்படி வலிக்கும் என்று அறிந்தவர்கள், தாம் கதவடைக்கும்போது காரணம் வைத்திருக்க வேண்டும். மிளகுக் களம் ஒரு காரணம். பக்கத்துக் குடித்தனக்காரரின் குழந்தைக்கு ஆஸ்துமா இருப்பது ஒரு காரணம். அண்டை வீட்டாரின் உரிமையை ஜிப்ரீல் (அலை) அவர்கள் எவ்வளவு வலியுறுத்தினார்கள் என்பது தெரிந்ததே. 'என் வீடு, என் இஷ்டம்' என்பது ஷரீஅத்தில் உரிமையாகலாம். ஆனால் நீதிக்கு மேலே இஹ்ஸான் என்று ஒன்று இருக்கிறது. வருகிறவரிடம், 'ஏன் வளர்க்கிறீர்கள்?' என்று ஒரு கேள்வி கேட்பதற்குச் செலவு ஒன்றுமில்லை. சேதம் ஏற்பட்டால் ஈடு செய்ய வேண்டும், வெளியே விடக் கூடாது என்று எழுதிக்கொண்டு இணங்கினால், அங்கே ஒரு மனம் பிழைக்கலாம்.

உண்மையின் விலை

அந்த இளைஞரிடம் நாம் சொன்னது இதுதான்: "முதலில் போய் உண்மையைச் சொல்லுங்கள், பொய் சொன்னதற்கு மன்னிப்புக் கேளுங்கள். பிறகு நிலைமையைச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். இணங்கினால் அல்ஹம்துலில்லாஹ். இணங்காவிட்டால் வேறு வீடு பாருங்கள். பூனையைச் சாக்கில் கட்டாதீர்கள்." மறுநாள் காலை நாமும் அவரோடு சென்றோம்.

வீட்டுக்காரர் எல்லாவற்றையும் கேட்டார். அந்தப் பெண்மணியின் துக்கத்தைச் சொன்னபோது அவர் முகம் மாறியது. சிறிது நேரம் களத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்பு, "பாய், அந்தப் பொண்ணுக்காக வருத்தமா இருக்கு. ஆனா வெள்ளாமைதான் எங்களுக்குச் சோறு. பூனை இருந்தா முடியாதுங்க" என்று சொல்லிவிட்டார். வேறு வீடு கிடைக்கும்வரை அவகாசம் தந்தார். அவர்மீது நமக்குக் குறையில்லை. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது.

ஒன்றரை மாதத்துக்குப் பின், அலுவலகத்துக்கு வெகு தொலைவில், தகரக் கூரை போட்ட ஒரு வீடு கிடைத்தது. வாடகையும் கூடுதல். பூனை உண்டென்று முதல் வார்த்தையிலேயே சொல்லிக் கேட்டுக் குடியேறினார்கள். பழைய வீட்டுக்காரர் முன்பணத்தில் ஒரு ரூபாய்கூடப் பிடிக்காமல் திருப்பிக் கொடுத்தார். இருந்தும் அந்த இளைஞர் போனில் நம்மிடம் கேட்டார்: "உண்மை சொன்னதுக்கு இதுதான் கூலியா, அஜ்ரத்? மழையில ரெண்டு மைல் நடக்கிறேன்."

அவருக்கு இனிப்பாகச் சொல்ல நம்மிடம் ஒன்றும் இருக்கவில்லை. உண்மைக்கு இவ்வுலகில் உடனே கூலி கிடைக்கும் என்று மார்க்கம் எங்கும் உறுதி தரவில்லை. அவர் மழையில் நடக்கும் இரண்டு மைலும் அல்லாஹ்விடம் வீணாகாது என்று மட்டும் சொன்னோம். வீட்டில் எப்படி இருக்கிறார்கள் என்று விசாரித்தோம். "பேசுறாங்க அஜ்ரத். கூரை ஒழுகுதுன்னு தினமும் சண்டை போடுறாங்க" என்றார். அல்ஹம்துலில்லாஹ் என்றோம்.

ஆகவே நேயர்களே, ஒரு ஜீவனை இல்லத்தில் சேர்ப்பதற்கு முன் வீட்டுக்காரரிடம் கொடுத்த வாக்கை நினைவுகூருங்கள். சேர்த்துவிட்டால், வீடு மாறும் நாளில் பாத்திரம் பண்டங்களோடு அதையும் கணக்கில் எழுதுங்கள். நிபந்தனை தடுத்தால் பேசிக் கேளுங்கள், பொய்யால் வெல்லாதீர்கள். பூனையும் மிளகும் யாருக்கு உரியன என்று நாளை விசாரிப்பவன், வாயில்லாத ஜீவனின் மொழியையும் அறிந்தவன்.

பூமியிலுள்ள படைப்புகள்மீது இரக்கம் காட்டவும், நாவால் கொடுத்த வாக்கைக் காக்கவும், யோசியாமல் சொன்ன வார்த்தைகளுக்காகத் தௌபாச் செய்யவும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தௌபீக் செய்வானாக! ஆமீன்.